ரத்த வங்கியின் இரண்டாவது பூட்டு

ஸ்ஃபாக்ஸ், துனிசியா, வியாழக்கிழமை

அன்பு மகள் ரவ்தாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் பாபாவும் சுகம், ஸ்டுட்கார்ட் குளிரைத் தாங்கிக்கொண்டு நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஒலிவக் காய் பறித்து முடிந்தது, பாபாவுக்கு முட்டி வலி, ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. எனக்கோ மூன்று நாளாக எரிச்சல் அடங்கவில்லை, உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்.

ஒரு நர்ஸின் கடவுச்சொல்லைத் திருடி யாரோ நோயாளிகளின் விவரங்களைப் படித்துவிட்டான் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பூட்டுப் போட்டார்களே, கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் போட்டால்தான் கம்ப்யூட்டர் திறக்கும் என்று, அதனால் வந்த வினை. என் பெயருக்கு உன் போன்தானே பதிந்திருந்தது, தினமும் காலையில் அதற்கு வரும் எண்ணை நீ சொல்வாய், நான் ரத்த வங்கிக் கம்ப்யூட்டரைத் திறப்பேன். செவ்வாய் மதியம் கரண்ட் போய் வந்ததும் மறுபடி எண் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பிரசவ வார்டில் ஸிஹாம் என்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. முன்பு ஒருமுறை ஏற்றிய ரத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எது சேரும் என்ற விவரம் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. உன்னைப் பதினோரு முறை அழைத்தேன். நீ ஆபரேஷன் தியேட்டரில் வேலையாக இருந்தாய், போன் அலமாரியில். இன்னும் என்ன பண்றீங்க என்று டாக்டர் மூன்று முறை ஆள் அனுப்பினார். கடைசியில் சாப்பிடப் போயிருந்த, என்னோடு ரத்த வங்கியில் வேலை செய்யும் லுத்ஃபியை அழைத்தேன், அவன் ஓடி வந்து தன் போனுக்கு வந்த எண்ணைப் போட்டுத் திறந்தான். அதற்குள் பதினான்கு நிமிடம் போய்விட்டது. ஸிஹாம் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் லுத்ஃபி, என்னக்கா, ஆஸ்பத்திரி சாவிய கொண்டுபோய் ஜெர்மனில மாட்டி வச்சிருக்கீங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூட்டைத் திட்டினேன், போனை எடுக்காத உன்னையும் திட்டினேன். உண்மையை எழுதிவிடுகிறேன். என் போன் பழசு, குறுஞ்செய்தி வராது என்று சொல்லி உன் போன் எண்ணைப் பதிந்தேனே, அது பொய். எல்லாம் நன்றாகவே வரும். நீ போனதிலிருந்து வாரம் ஒருமுறைகூடப் பேசாமல் இருந்தாய், இதற்காகவாவது தினமும் உன் குரல் கேட்குமே என்றுதான் அப்படிச் செய்தேன். அந்த அரை நிமிட ஆசைக்கு யாரோ பெற்ற பெண்ணின் உயிரைப் பணயம் வைத்தேன். எரிச்சலெல்லாம் என் மேல்தான். நேற்று அலுவலகத்தில் சொல்லி என் போன் எண்ணுக்கே மாற்றிவிட்டேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பான். வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. இன்று காலை எண் எனக்கே வந்தது, கம்ப்யூட்டரும் உடனே திறந்தது, யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. இனி என்னிடம் சொல்ல உன்னிடம் எந்த எண்ணும் இருக்காது, ஆனாலும் கூப்பிடு.

உன் அம்மா
நபீஹா