கரையில் நிற்கும் படகுக்கு இடிதாங்கி

என் அன்பு ஏழுமலை அண்ணாத்த,

உன் படகுக்கு இடிதாங்கி மாட்டிவிட்டேன், நானேதான், வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு முழுசாக முடித்துவிட்டேன்!

பாய்மர உச்சியில் ஒரு செம்புக் கம்பி. அதிலிருந்து விரல் தடிமனில் வயர், எங்கேயும் வளையாமல் நேராக இறங்கி, படகின் அடியில் பதித்த செம்புத் தகட்டில் முடிகிறது. மின்னல் விழுந்தால் அந்த வழியாகக் கடலுக்குள் இறங்கிவிடும். பாயை இறக்கக் கயிற்றைப் பிடித்திருந்தபோதுதானே உன்மேல் மின்னல் விழுந்தது, அன்றைக்கு இது இருந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? தெரியவில்லை அண்ணாத்த.

சதுரங்கப்பட்டினமே வந்து பார்த்தது. இப்போது படகு ஓட்டுகிற உன் மச்சான் என்னை 'இன்ஜினியரே' என்று கலாய்த்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலுக்குப் போகும்போதெல்லாம் நீ எடுத்துப் போட்ட பழைய வீடியோக்களுக்குக் கீழே எல்லாம் போய் இந்தச் சேதியை எழுதிவிட்டு வந்தேன்.

நேற்று வானம் கறுத்தது. படகு மணலில் ஏறி நின்றது. இடி கேட்டதும் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்கு ஓடவில்லை. நேராக வந்து உன் படகை ஒட்டி நின்றார்கள். நடுவில் உன் வள்ளி, என் அண்ணி, படகைப் பிடித்தபடி.

தகடு தண்ணீரில் இருந்தால்தானே மின்னலுக்கு வழி? மணலில் நின்றால் பக்கத்தில் இருக்கிறவர்கள்மேல் பாயுமே. ஓடிப்போய்க் கத்தினேன். ஒருவரும் நகரவில்லை.

"எங்க போவ சொல்ற? இடி தாங்கத்தான இத்த வச்ச?" என்றார் அண்ணி.

கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. மின்னல் கடலில் எங்கோ விழுந்தது. நேற்றைக்கு மட்டும் தப்பித்தோம்.

மழை விட்டதும், படகு கரையேறினால் பாய்மரக் கம்பத்தையாவது சாய்த்து வைக்கலாம் அண்ணி என்று கெஞ்சினேன்.

"கம்பம் முறிஞ்சி கெடந்த அன்னிக்கிதான் அவர தூக்கினு வந்தாங்க. அது நின்னுகினு இருந்தாதான் எனக்கு தெகிரியமா கீது."

இதற்கு எந்த வீடியோவில் பதில் இருக்கிறது? நீயாவது சொல்லேன். கம்பியை மாட்டினது நான், அண்ணி நம்புவது உன்னை. நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும் சொல்கிறேன். இடி இடித்தால், அண்ணி வீட்டுக்குள் போகும்வரை நானும் அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணாத்த வீடியோவுக்குக் கீழே இதைப் படிக்கிற கடலோர ஜனங்களே, இடி நேரத்தில் கரையில் நிற்கும் படகாண்ட ஒதுங்காதீர்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். அண்ணி காதில் ஏறுகிற மாதிரி ஒரு வார்த்தை தெரிந்தால் சீக்கிரம் எழுதுங்கள். மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வருகிறது.

உன் முதல் ரசிகன்,
கூடப் பிறக்காத தம்பி,
பிரபு