இறுகிப்போன தரை

அரியலூர்
21-3-1983

தம்பி அழகேசனுக்கு அக்கா பொன்னுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்பு தேவலை. மெட்ராஸ் கிளப்பில் மெத்தை மாதிரிப் புல்லில் ஆடுகிற உனக்கு என்ன குறை இருக்கப்போகிறது!

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உறுதி என்று செயலாளர் சார் சொல்லிவிட்டார். நீயும் திருச்சி சாமிதுரையும். ஜெயிக்கிறவருக்கு, நான் தரை பார்க்கிற நம் கிளப்பிலேயே மார்க்கர் வேலை நிரந்தரம். ஆபீசர்களுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்து, அவர்களோடு ஆடவும் வேண்டும். இருக்க ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதானே எனக்கு அப்படி ஒரு யோசனை எழுதினாய்.

நீ எழுதியபடியே செய்தேன். சாமிதுரை சுழற்றி அடிக்கிற பந்து காய்ந்த தரையில் குத்தி உன் தோளுக்கு மேலே எழும்புகிறது. நீயோ என் உயரம்கூட இல்லை. தரை ஊறிக் கிடந்தால் பந்து எழும்பாது, நீ சீவி அடிக்கிற பந்தும் தாழ்வாகவே போகும் என்று எழுதியிருந்தாய். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம், குடம் குடமாய் ஊற்றினேன். கோர்ட்டில் நாற்று நடப்போகிறாயா பொன்னுத்தாயி என்று, நம் கிளப்பில் ஆட வருகிற கொளஞ்சியப்பன்கூடக் கேட்டுவிட்டுப் போனான்.

ஒன்றை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். நம் ஊர்க் காற்றில் வருகிற சிமெண்டு ஆலைத் தூசியை. காலையில் நான் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் லேசாய்த் தெளிப்பது வழக்கம். இந்த வாரம் தண்ணீர் சுமக்கிற மும்முரத்தில் கூட்டவே இல்லை. தூசி விழ, தண்ணீர் விழ, வெயில் அடிக்க, எட்டாம் நாள் தரை அடுப்படித் தளம் மாதிரி இறுகிவிட்டது. பந்தைப் போட்டுப் பார்த்தேன். முன்னே இடுப்புக்கு வருகிற பந்து என் மார்புக்கு வந்தது. உனக்குக் குழி பறிக்க ஆள் வேண்டாம் தம்பி, நாம் இரண்டு பேருமே போதும்.

அன்றைக்குப் பார்த்துத்தானா சாமிதுரை வரவேண்டும்! தரையைப் பார்க்க வந்தார். ஒரு பந்தைக் குத்திப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். “என்னக்கா, தம்பிக்குன்னு தண்ணி ஊத்துறதா சொன்னாங்க, எனக்குல்ல தளம் போட்டு வச்சிருக்கீங்க” என்று சிரித்தார். நல்ல மனுசன்தான். மோர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மண்வெட்டி எடுத்துப் பொருக்கு முழுவதும் செதுக்கினேன். செம்மண் பரப்பி, சாணம் கரைத்துத் தெளித்து, ரோலரும் ஓட்டியாகிவிட்டது. இப்போது பழைய தரை. பந்து இடுப்புக்கு வருகிறது. சாமிதுரைக்கும் அதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். நம் தரை ஒரு ஆளை ஏமாற்றியது என்று பேர் வரக்கூடாது. இனி இன்னொரு குடம் ஊற்று என்று எழுதாதே, ஊற்ற மாட்டேன்.

கொளஞ்சியப்பன் பனைமரம் மாதிரி வளர்ந்து நிற்கிறான். சாமிதுரையின் எழும்புகிற பந்து அவனுக்கு வாகாய் வருகிறது, அவன் சாமிதுரையை ஜெயிக்கிறான். உன் தாழ்ந்த பந்துக்குக் குனிய முடியாமல் உன்னிடம் தோற்கிறான். நீ சாமிதுரையிடம் தோற்கிறாய். மூன்று பேரில் யார் பெரிய ஆட்டக்காரன் என்று ஆபீசர்கள் தினம் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பாய் இருக்கிறது.

உன் வீட்டுக்காரி இருசம்மாள் ஒன்று சொன்னாள். எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். போன ஆடியில் நீ சாமிதுரையிடம் தோற்ற ஆட்டத்தை அவளும் வேலியோரம் நின்று பார்த்தாளே. “பந்து ஏற ஏற இவரு பின்னாடியே போறாரு அண்ணி. ஏறுறதுக்கு முன்னாலயே ரெண்டு எட்டு முன்னாடி வந்து அடிச்சா என்னவாம்?” என்றாள். மட்டையைத் தொட்டுப் பார்க்காதவள் பேச்சென்று தள்ளாதே. நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாய்த்தான் படுகிறது.

அந்த ஆடியில் தோற்றதும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறினாய். அவள் உனக்கென்று மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நான்தான் இரண்டு நாள் சாப்பிட்டேன், குழம்பு நன்றாய்த்தான் இருந்தது. பொங்கலுக்கு நீ நாலு நாள் வந்து இருந்தபோதும் அதைப் பற்றி அவள் பேசவில்லை. இப்போதும் நீ ஜெயிப்பாயா என்று என்னிடம் கேட்பதில்லை. எந்த வண்டியில் வருவாய் என்றுதான் கேட்கிறாள்.

சனிக்கிழமை பகல் வண்டிக்கே வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. கிடைக்காவிட்டால் சும்மா வா. ஸ்டேஷன் பக்கம் மட்டும் திரும்பாதே.

ஒரு மாதமாய் ரோலரை நான் ஒருத்தியாகத்தான் இழுக்கிறேன், தோள் இரண்டும் விட்டுப்போகிறது. இருசம்மாள் புளிப்பு மாங்காயைக் கடித்துக்கொண்டே பிடிக்க வந்தாலும் நான் விடுவதில்லை. ஏன் என்று அவளே உன்னிடம் சொல்லட்டும்.

செட்டிகுளத்து முருகன் உன் காலுக்குப் பலம் கொடுக்கட்டும், முன்னாடி வருவதற்கு.

உன் அக்கா
பொன்னுத்தாய்