பூங்காவில் கூடிய சாதாரணக் கூட்டம்

லாத்தா,

இன்று காலை பூங்காவின் கம்பிக் கதவைத் தாண்டியதும் பினாயில் வாசனை வந்தது. கழுவியவர் தாராளமாகவே ஊற்றியிருந்தார். போய்ச் சேர்ந்தவர்களை நினைவுபடுத்த மல்லிகை, சந்தனம், அத்தர் என்று நல்ல வாசனைகள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு உங்களை நினைவுபடுத்துவது பினாயில். இதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பீர்கள்.

உங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பீர்கள்; ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சர்பத் கடைக்காரரின் வீட்டம்மா, பதினோராவது வார்டு உறுப்பினர். நான் ஏழாவது வார்டு. கட்சி வேறு. முதல் ஒரு வருடம் நாம் பேசிக்கொண்டதெல்லாம் பேரூராட்சி மன்றக் கூட்டத்தில்தான், அதுவும் சண்டையாக. என் பெயரை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. "ஏழாவது வார்டு என்ன சொல்றாங்க?" என்று வார்டு எண்ணையே எனக்குப் பெயராக்கிவிட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து படிக்கவைத்த பெண் நான். யாராவது இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்று தோன்றினால் சுருக்கென்று கோபம் வரும். உங்கள் கிண்டலையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தலைவர் அம்மாவையே நீங்கள் "ரெண்டாவது வார்டு" என்று கூப்பிட்ட அன்றுதான் எனக்கு மனசு ஆறியது.

நம் சண்டைகளில் பெரியது இந்தப் பூங்காவைப் பற்றியது. வாய்க்கால் ஓரம் முள் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, வேலி போட்டு, சுற்றிவர நடைபாதை அமைத்தாகிவிட்டது. உள்ளே என்னென்ன வைக்கலாம் என்று ஆளாளுக்கு ஆசை. இந்த வருடம் ஒரே ஒரு வேலைதான் எடுக்க முடியும் என்றார் செயல் அலுவலர். பதினைந்து உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, எது முதலில் வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்.

பெண் உறுப்பினர்கள் எட்டுப் பேர். அதில் பாதிப் பேர் சீட்டை வீட்டுக்காரர்கள்தான் நிரப்பினார்கள். நான் என் கையாலேயே நிரப்பினேன், நீரூற்று என்று. தேர்தலில் எங்கள் தெருவுக்கு நான் கொடுத்த வாக்கு அது. கலர் விளக்கோடு தண்ணீர் எழும்புவதைத் தஞ்சாவூரில் பார்த்ததிலிருந்து என் மனசில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிரித்துப் படித்தபோது ஒன்பது சீட்டில் நீரூற்று, மூன்றில் உயரமான விளக்கு, இரண்டில் உடற்பயிற்சிக் கருவி. ஒரே ஒரு சீட்டில் பெண்கள் கழிப்பறை.

"இது யாரு எழுதினதுன்னு கேக்க வேண்டாம். நான்தான்" என்று எழுந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினீர்கள். "ஏன் ஏழாவது வார்டு, ஆத்துல தண்ணி வந்தப்ப பாக்க ஒருத்தரும் போகல. குழாயில வந்தாத்தான் வேடிக்கையா?"

மன்றமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "லாத்தாவுக்கு வீடு நாலு தெரு தள்ளித்தானே இருக்கு. நடக்க வந்தவங்க வீட்டுக்குப் போயிக்கலாம்" என்று பதில் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பூங்காவில் கட்டினால் நாறும் என்றார் ஒருவர். வெளியூர்க்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார் இன்னொருவர். கடைசி முடிவை அடுத்த சாதாரணக் கூட்டத்தில் எடுக்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

அதற்குள் மன்றத்தின் மேல்தளப் பூச்சு பெயர்ந்து விழுந்து, மராமத்துக்காகக் கதவைப் பூட்டிவிட்டார்கள். கூட்டத்தை எங்கே வைப்பது என்று செயல் அலுவலர் கையைப் பிசைந்தபோது, நீங்கள் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பூங்காவப் பத்தின கூட்டம்தானே சார், பூங்காவுலயே ஒரு பந்தல் போட்டு வச்சுருவோம். வெயிலு நேரம், குடிக்கிறதுக்கு எங்க கடையிலேருந்து அனுப்பச் சொல்றேன்." எல்லோரும் மகிழ்ந்துபோய் ஒத்துக்கொண்டார்கள். நானும்தான்.

அந்தச் சித்திரை வெயிலை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. உங்கள் கடையிலிருந்து இரண்டு பெரிய எவர்சில்வர் டிரம் வந்து இறங்கின. ஒன்றில் நன்னாரி சர்பத், மற்றதில் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட மோர். அது போதாதென்று ஒரு தட்டு நிறைய தர்பூசணி. டம்ளர் காலியாவதற்குள் நீங்களே வந்து ஊற்றினீர்கள். "குடிங்க குடிங்க, சூடு தணியட்டும்." எதிர்க்கட்சிக்காரிக்கும் இவ்வளவு உபசாரமா என்று நான் உருகிப்போய் மூன்று டம்ளர் மோர் குடித்தேன். கூட்டத்தில் நீங்கள் அன்றைக்குப் போல் என்றைக்கும் பேசியதில்லை. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று ஒவ்வொரு பொருளிலும் எழுந்து நின்று, போன கூட்டத்து நடவடிக்கையை முழுக்கப் படிக்கச் சொல்லி, நடுநடுவே சந்தேகம் கேட்டு இழுத்தீர்கள். பூங்கா கடைசிப் பொருள்.

ஒரு மணி நேரம் போனது. ஆண் உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் வரத் தொடங்கியது. காதில் வைத்துக்கொண்டே வாய்க்கால் கரை மூங்கில் புதர்ப் பக்கம் போய், முகம் தெளிந்து திரும்பினார்கள். எங்கள் எட்டுப் பேருக்கு எந்தப் போனும் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நான் காலை மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆனபோது தலைவர் அம்மா வாசிப்பதை நிறுத்தி, செயல் அலுவலரிடம் தாழ்ந்த குரலில், "ஒரு பத்து நிமிஷம் தள்ளி வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல் மற்றவர்களும் எழுந்தோம்.

பூங்கா வாசலுக்கு எதிரே ஒரு பெண் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பயந்து எழுந்தார். "ஓட்டுக் கேக்கக்கூட இத்தன பேரு சேந்து வந்ததில்லியே" என்றார். விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே கொல்லைப்புறத்தைக் காட்டினார். பதினைந்தில் எட்டுப் பேர். நம் மன்றத்தின் பெரும்பான்மை அந்தக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், வரிசையில் நின்றது. செயல் அலுவலர் மினிட் புத்தகத்தோடு வாசல்வரை வந்து, என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய்விட்டார்.

வரிசையில் முதல் ஆள் நீங்கள். வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபோது உங்கள் முகம் வெளிறியிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. "வேணும்னேதானே செஞ்சீங்க?" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னிடம் மெதுவாகப் பேசினீர்கள்.

"எனக்குச் சக்கர இருக்கும்மா. கால் மரத்துப் போவுது. நடந்தாத்தான் காலு தங்கும், இல்லாட்டி விரல எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு கும்பகோணத்து டாக்டர் சொல்லிட்டாரு. தினம் முக்கா மணி நேரம் நடக்கச் சொல்றாரு. அவரு குடுத்த மாத்திர, கால் மணிக்கு ஒரு தடவ வீட்டுக்குப் போங்குது. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

நாலு தெரு தள்ளித்தானே வீடு என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "அப்ப நீங்க எதுக்கு மோர் குடிச்சீங்க?" என்று கேட்டேன். நீங்கள் எங்கள் எல்லோரையும் விட அதிகமாகக் குடித்திருந்தீர்கள்.

"உங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு நான் மட்டும் சும்மா இருந்தா அது ஏமாத்து வேலை" என்றீர்கள்.

பந்தலுக்குத் திரும்பியதும் பூங்காவை முதலில் எடுக்கலாம் என்றார் தலைவர் அம்மா. நீங்கள் தீர்மானத்தை முன்மொழிந்தீர்கள். வழிமொழிய நான் எழுந்தேன். நீரூற்றுக்காரியே எழுந்ததைப் பார்த்து என் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்த வசதியை நான் வழிமொழிகிறேன்" என்றேன். "எந்த வசதிம்மா? மினிட்ல எழுதணும்" என்றார் செயல் அலுவலர். எம்.ஏ. படித்தவள், மேடை மேடையாகப் பேசி ஜெயித்தவள், இத்தனை ஆண்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றேன். "பொம்பளைங்க கழிப்பறைன்னு எழுதுங்க சார்" என்று நீங்கள் சத்தமாகச் சொன்னீர்கள். எட்டுக் கைகள் உயர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஆண்கள் பக்கமிருந்தும் மூன்று உயர்ந்தன.

ஐப்பசி பிறப்பதற்குள் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாக் கல்லில் பெயர் போட ஒருவரும் முன்வரவில்லை. நீரூற்றாக இருந்தால் பதினைந்து பெயரும் போட இடம் பற்றாமல் அடிதடி நடந்திருக்கும். உங்களைக் கேட்டதற்கு, "வேண்டாம் சாமி, அப்புறம் ஊரே எம் பேரச் சொல்லித்தான் ஒதுங்கும்" என்றீர்கள். திறந்த மறுநாளே கதவில் பூட்டு தொங்கியது. நேராக அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை வாங்கி, பூட்டையும் கழற்றி உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். துப்புரவுக்கு ஆள் போடும்வரை செயல் அலுவலரின் மேசை எதிரே உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்று மாலையிலிருந்து நாம் சேர்ந்து நடந்தோம். கட்சியில் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் தாவப் போகிறாயா என்று விசாரித்தார்கள். சேர்ந்து நடக்கிறோம் என்றேன், அவ்வளவுதான். இரண்டு சுற்றில் திரும்பிக்கொண்டிருந்த நீங்கள் நாலு சுற்று, ஆறு சுற்று என்று ஏறினீர்கள். தையல் கடைக்காரர் வந்தார், பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள், வேலை முடிந்து எங்கள் தெருப் பெண்களும் வந்தார்கள். இருட்டும் வரை பெண்கள் குரல் கேட்கிற இடமாக அது மாறிப்போனது. நாம் நடந்த சந்தோஷத்தில் நான் நீரூற்றைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மறு வருடக் குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? வெயில் தலை காட்டிய ஒரு நாள், எங்கும் இடம் கிடைக்காமல் பக்கத்து வயல்காரர் நடைபாதை முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்துவிட்டார். பூங்கா காவலாளி கத்த, அவர் கும்பிட, அந்த நேரத்தில் நாம் போய் நின்றோம். "நடக்குறதுதான் நடக்குறீங்க, அப்படியே காலால கிளறி விட்டுட்டுப் போங்க தாயி" என்றார் அவர். நான் தடுப்பதற்குள் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டீர்கள். நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துப் பாதிச் சுற்று போனவர், சட்டென்று நின்று என் கையைப் பிடித்தீர்கள்.

"குத்துது, ஏழாவது வார்டு. நெல்லு குத்துறது தெரியுது."

நாம் இருவரும் அந்த நெல்லின் நடுவில் நின்று அழுதுகொண்டே சிரித்தோம். வயல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மாலை அதிகம் இல்லை.

போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இதயம் என்றார்கள். உங்கள் வீட்டுப் பெண்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அழுகைக்கு நடுவிலும் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பத்து விரலோடும் போனீர்கள், லாத்தா.

நேற்று மன்றத்தில் இரண்டாவது பூங்காவுக்கான வரைபடத்தை விரித்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரப்போகிறது. நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, செயற்கைப் பாறை எல்லாம் இருந்தன. நான் எழுந்து, "பெண்கள் கழிப்பறை எங்க சார்?" என்று கேட்டேன். மைக் வேறு சரியாக வேலை செய்தது. வெளியே டீக்கடைவரை கேட்டிருக்கும். குரல் துளியும் நடுங்கவில்லை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் ஒருவர்.

"சரி, அப்ப அடுத்த கூட்டத்த அங்கயே வச்சுக்குவோம். மோர் நான் கொண்டாறேன்" என்றேன்.

ஏழு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தோம். உங்கள் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை. தலைவர் அம்மா செயல் அலுவலரிடமிருந்து பேனாவை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். பட்டியலில் முதல் வரி அதுதான், லாத்தா.

இப்படிக்கு,
ஏழாவது வார்டு