இரண்டாம் நம்பர் பாய்லர்

என் டாக்டரம்மாவுக்கு (பட்டம் வர இன்னும் ஆறு மாதம் இருந்தாலும்),

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். பாப்பா நலம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பாதிப் பேச்சு காற்றாகத்தான் வருகிறது. அக்கா வாரம் இருமுறை வந்து சமைத்து வைத்துவிட்டு, உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போகிறாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று முறை முயன்றேன். வாய்வரை வந்தது, "சாப்பிட்டியா" என்பதோடு திரும்பிப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காகித மில்லில் போன வருடம் குழாய்களில் எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்கள் மாட்டினார்களே, சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சென்சார்கள். நாலு மாதம் எண்களாகக் கொட்டின. அவற்றை வைத்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் இன்ஜினியர் அம்மா இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினார். உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் அரைப் பக்கம் காட்டிவிட்டுப் பணம் கேட்டன. "வாசல் வரைக்கும் கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்துறாங்க சார்" என்று சலித்துக்கொண்டார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. எங்கோ தூரதேசத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் எழுதியது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். எந்த வால்வில் நீராவி வீணாகிறது என்று எண்களைப் பார்த்தே சொல்லும் மென்பொருளையும் கூடவே இலவசமாக வைத்திருந்தார்கள்.

அது பதினொரு வால்வுகளைக் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடம் அந்தக் குழாய்களுக்குக் காது கொடுத்தவன் நான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது சரி. அதில் ஒன்று உலர்த்தும் உருளைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒருநாளும் நான் சந்தேகப்படாத இடத்தில். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மற்ற இரண்டும் ஏன் தவறு என்று சொன்னேன்: பக்கத்துக் குழாயின் சூடு அங்கே ஏறிவிடுகிறது. இன்ஜினியர் அம்மா அதை அந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்ப, அவர் மென்பொருளைத் திருத்தி மறுபடியும் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டார். நன்றி சொல்ல என் பெயரைக் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நம்பர் பாய்லர் ஆபரேட்டர் என்று போட்டால் போதும் என்றேன். அப்படியே போட்டிருக்கிறார்.

ஐந்து வாரத்தில் அந்த ஒன்பதையும் மாற்றினோம். ஒரு பாய்லரே போதும் என்றாகிவிட்டது. எரிக்கும் கரி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டாவது புகைபோக்கியில் புறா உட்காருகிறது. எதிர்வீட்டு அம்மா இப்போதெல்லாம் வெள்ளைத் துணியைத் தைரியமாக வெளியே காயப்போடுகிறார். பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். நானும் தலையாட்டுகிறேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது. "உங்களாலதான் மில்லுக்கு இவ்வளவு நல்ல பேரு. உங்ககிட்டயே இதைச் சொல்ல வேண்டியிருக்கு, மன்னிச்சுக்குங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஒன்றாம் பாய்லரில் இருப்பவர்கள் சர்வீஸில் என்னைவிட மூத்தவர்கள், அவர்களை வேலையை விட்டு எடுக்க முடியாது. நான் வீட்டில் இருக்கத் தொடங்கிப் பதினாறு நாளாகிறது. பாப்பாவிடம் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "இவ்ளோ பெரிய லீவாப்பா?" என்று நேற்றுக் கேட்டாள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. களைப்பாகத்தான் இருக்கிறது. பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. வேலை கேட்டுப் போன மூன்று இடங்களிலும் முதலில் வயதைத்தான் கேட்டார்கள்.

இனி உன் விஷயம். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எவ்வளவு மருந்து போதும் என்று கம்ப்யூட்டரே சொல்லும் உன் முறையை ஐந்து வருடம் வெளியிடாமல் வைத்திருந்தால், அந்தக் கம்பெனி உனக்கு வேலை தருமாம். என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்று ஒரு கடிதம் எழுதினேன். மறுநாள் கிழித்துப் போட்டேன். எல்லோரும் படிக்கும்படி திறந்து வை என்று இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். வேலை இல்லாதவன் பெருந்தன்மை பேசுவது எனக்கே சகிக்கவில்லை.

அந்தப் பெண் தன் கட்டுரையைப் பூட்டி வைத்திருந்தால் நான் இன்று ஷிப்டுக்குப் போயிருப்பேன். அந்த வால்வும் சுவரோரம் ஊதிக்கொண்டே இருந்திருக்கும். எது தேவலை என்று என்னையே கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. ஆனால் அதை மாற்றி முடித்துக் கையைத் துடைத்தபோது வந்த சந்தோஷம் பொய்யில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது. எனக்கு வேலை போனதை வைத்து நீ எதையும் முடிவு செய்யாதே. இதற்குப் பயந்தே சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அக்கா மூலமாகத் தெரிந்தால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆய்வகத்தில் அந்த மருந்து வாடைக்கு முகமூடி போட்டுக்கொள், சோம்பல் படாதே. நாலு நாள் விடுப்புக் கிடைத்தால் வந்துவிட்டுப் போ. பாப்பா ஏங்குகிறாள் என்று எழுத நினைத்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

நீ வா.

உன்னவன்