நான் அறுக்காத பலாப்பழம்

31-5-1964, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. என் குவார்ட்டர்ஸ் வாசலில் பலாப்பழம் ஒன்று.

நைட் ஷிப்ட் முடிந்து வருகிறேன், சாக்கில் கட்டி வைத்திருக்கிறது. பண்ருட்டி முதல் பஸ் கண்டக்டரிடம் உன் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கொடுத்தனுப்பியதாம். பிரிக்காமலே தெரிந்தது, உன் தோப்பு வேலியோர மரம். வருஷா வருஷம் முதல் பழத்தை நீதான் தோளில் சுமந்து வருவாய். போன கார்த்திகையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு இதுதான் முதல் பழம். உள்ளே எடுத்து வைத்தேன். அறுக்கவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்ல முடியும். கேட்க வேறு ஆள் இல்லை.

கம்மாபுரம் பக்கம் உன் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் வந்த பணத்தில், உன் பேரும் அண்ணி பேரும் போட்டு வாங்கிய முந்திரித் தோப்பு அது. வாங்கின கையோடு அதை ஒரு டிரஸ்டாக எழுதி வைக்க வேண்டும் என்றாய். பலன் அண்ணிக்கும் மகளுக்கும். பார்த்துக்கொள்ளும் டிரஸ்டி நான். ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் எரிச்சலோடு கேட்டேன்:

"என்னை எதுக்கு இழுக்கறே? உனக்குத்தான் அண்ணன் தம்பி, மச்சான்னு ஒரு பஸ்ஸு ஆளு இருக்கே?"

"அதுக்குத்தாம்பா. நாளைக்கு அவங்கள்ல ஒருத்தர் வந்து கை நீட்டினா, அவங்கள்லயே இன்னொருத்தர் எப்படி இல்லன்னுவாரு? நீ மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. உனக்கு இங்க யாரு இருக்கா?"

அண்ணி உன்னை அதட்டினார். "இன்னா பேச்சு இது? தம்பிக்கு நாம இல்லியா?"

வக்கீல் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கையெழுத்துப் போட்ட நாளோடு தோப்பு உங்கள் இருவர் சொத்து இல்லை. பின்னால் நீ கடன்பட்டால், கொடுத்தவர் உன் பேரில் இருப்பதைத்தான் தொடலாம். ஆனால் கடனை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குத் தப்ப இப்படி எழுதினால் கோர்ட் ஒத்துக்கொள்ளாது. சரிதானே? என் கரண்ட் வேலை மாதிரிதான்: ஃபால்ட் வருவதற்கு முன்பே லைனைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். அன்று உனக்கு எவனுக்கும் ஒரு பைசா பாக்கி கிடையாது. "சுரங்கத்துல வேலை. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் தோப்பு நிக்கணும்," அவ்வளவுதான் சொன்னாய்.

லாரி வாங்கும் ஆசை உனக்கு அதற்கு ரொம்ப நாள் கழித்து வந்தது. உன் பெரியண்ணன் தன் மனைவியின் நகைகளை விற்றுக் கடன் கொடுத்தார். நீ போன பிறகு லாரியை விற்றதில் பாதிதான் தேறியது. மீதிக்குத் தோப்பைக் கேட்கிறார்.

ஞாயிறுதோறும் தோப்பு வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவோமே, அப்போது தன் இலையிலிருந்து எடுத்து என் இலையில் வைப்பாரே, அவர்தான். "மெலிஞ்சிகினே போறியே தம்பி. மெஸ்ஸுல இன்னா, நிலக்கரியா போடறாங்க?" என்பாரே, அவர். போன மாதம் இங்கே வந்தவர் உட்காரவில்லை.

"டிரஸ்டு எழுதினது தெரியும் தம்பி. தெரிஞ்சிகினுதான் குடுத்தேன். அவன் செத்துடுவான்னா தெரியும்? எம் பொண்டாட்டி கழுத்து காலியாக் கெடக்குது. நீ சட்டம் பேசிகினு இருக்க."

"தோப்பைக் கொடுக்க எனக்கே உரிமை இல்லீங்க அண்ணே. அது என்னுது இல்லை."

"உன்னுது இல்லல்ல? அப்ப வெளியூர்க்காரன் உனக்கு எங்க வூட்ல இன்னா வேலை?"

கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். முந்தாநாள் அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. டிரஸ்டு வெறும் பேருக்காம், நீயும் நானும் சேர்ந்து ஆடிய நாடகமாம். நம் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கேஸ் முடியும்வரை தோப்பிலிருந்து ஒரு முந்திரிக்கொட்டைகூட வாயில் போடாதே, அனுபவிக்கிறவன் நீதான் என்பார்கள். நானும் அண்ணியும் பேசினால் ஊர் வேறு மாதிரி பேசும். ஆள் விட்டுத்தான் தகவல். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

யாருக்கும் சொந்தமில்லாதவன் என்றுதான் என்னைப் பிடித்தாய். நீ உயிரோடு இருந்தவரை அது சரியில்லை, எனக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டைக் காப்பாற்றப் போய் இப்போது நீ சொன்னது சரியாகிவிட்டது. நல்ல ஆளப்பா நீ.

ஆனாலும் அன்று நீ எதை நம்பினாயோ, அது மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூஞ்சிக்கு நேராகச் சொல்வேன். ஆகவே:

1. நாளை கடலூர் போய் நோட்டீசுக்குப் பதில்: தோப்பு கடனுக்கு உட்பட்டதல்ல.

2. இன்று ஒன்பது மணி பஸ்ஸில் இந்தப் பழத்தை அப்படியே அண்ணியிடம் திருப்பிக் கொடுப்பேன். முகம் வாடும். வாடட்டும்.

3. வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழ, ஒன்று சொல்வேன்: மண்ணைத்தான் யாரும் தொட முடியாது. விளைச்சல் பணம் உங்களுடையது. அதிலிருந்து பெரியண்ணனுக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொடுக்க மனசிருந்தால், தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கொடுங்கள் என்று சொல்லவும் இல்லை.

4. திரும்பும்போது பெரியண்ணன் வீட்டு வழியாக வருவேன். கூப்பிட்டால் உட்காருவேன். இல்லையென்றால் இரவு ஷிப்டுக்கு வந்துவிடுவேன்.

5. போகும்போது அறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவேன். பழம் போனாலும் வாசனை ஒரு நாள் இருக்கும். அதற்கு எந்தக் கோர்ட்டும் என்னைக் கணக்குக் கேட்க முடியாது.