பத்து நிமிஷம் முன்னால

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யோகப்பிரியா எழுதறதுங்க. ஜெர்மனியில நான் சொகந்தானுங்க. அப்பாவுக்கு முட்டிவலி கொறஞ்சுதுங்களா? நம்மூரு நல்லேப்பிள்ளியில நடவு முடிஞ்சுதுங்களா?

ஒரு சின்ன சங்கதிங்க, பயந்துக்காதீங்க. அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கினேன். எங்கியோ ஒரு கோபுரத்துல இருந்து வர்ற ரேடியோ சிக்னலைப் புடிச்சு அதுவே நேரம் வெச்சுக்குமாம். நான் நம்மூட்டுப் பழக்கத்துல பத்து நிமிஷம் கூட்டி வெச்சுப் படுத்தேன். விடியறதுக்குள்ள அதுவே சரியான நேரத்துக்குத் திரும்பிக்கிச்சு. எனக்கென்ன தெரியும்? பத்து நிமிஷம் மிச்சமிருக்குதுன்னு சாவகாசமா தலை சீவிட்டுப் போனா, பஸ் போயிருச்சுங்க.

ஆஸ்பத்திரியில மேலதிகாரியம்மா, "உங்க ஊர்ல கடிகாரமே இல்லையா?"ன்னு கேட்டாங்க. "இருக்குது, உங்களுதவிட முன்னாலயே ஓடும்"னு சொல்லிட்டேன்.

அப்பறமும் மூணு நாள் கூட்டி வெச்சேன். மூணு நாளும் அது கொறச்சுக்கிச்சு. உடுவனா? எவர்சில்வருக்குள்ள சிக்னல் போகாதுன்னு என்கூட வேலை செய்யற பாலக்காட்டு நர்ஸ் அன்சிலா சொன்னா. அம்மா முறுக்குப் போட்டுக் குடுத்த டப்பா காலியாத்தான் கெடந்துது. கடிகாரத்தை உள்ள வெச்சு மூடிட்டேன். இப்ப நான் வெச்சதுதான் நேரம். அலாரம் அடிச்சா டப்பாவே அதிருது.

அன்சிலா லீவுல வர்றா, அவகிட்டத்தான் இந்தக் கடுதாசியைக் குடுத்தனுப்பறேன். முறுக்கு குடுத்துவிடுங்க, வேற டப்பாவுல. பழைய டப்பா திரும்பி வராதுங்க.

நம்மூட்டுக் கடிகாரத்தை போனைப் பாத்து சரி பண்ணப் போறேன்னு அண்ணன் சொல்லுச்சு. உடாதீங்க. ரெண்டு ஊருக்கும் மணிதான் வேற. அந்தப் பத்து நிமிஷமாவது ஒண்ணா இருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.

யோகப்பிரியா