முதுகோடு முதுகு ஒட்டிய எட்டு அறைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

கட்டடக் குழுக் கூட்டம். மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல இவள்தான் எழுதுகிறாள், ஐம்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திய பாவத்துக்கு.

புதுப் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்கள். படம் பார்க்க எழுத்து எதற்கு? எட்டு அறை. இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் ஒரே சுவர். ஜன்னலெல்லாம் வராந்தாப் பக்கம் மட்டும். உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டேன்.

பெரிய இன்ஜினியர் சொன்னார்: "பெரியவரே, இது துறையோட மாதிரி வரைபடம். நாப்பது ஊர்ல இதேதான் கட்டியிருக்கோம்."

நாற்பது ஊரிலும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இடித்த பழைய கட்டடத்திலும் எட்டு அறைதான். ஆனால் அறைக்கு ஆறு ஜன்னல், பக்கத்துக்கு மூன்று. மொத்தம் நாற்பத்தெட்டு. முப்பத்தொரு வருடம் மணி அடிப்பதற்கு முன்னால் அத்தனையையும் நான்தான் திறந்தேன். ஐந்தாம் அறையில் இரண்டாவது ஜன்னலுக்கு மட்டும் கொக்கி நிற்காது, செங்கல் வைப்பேன். நான்கு தலைமையாசிரியர்கள் எழுதிக் கொடுத்தும் அந்த ஒரு கொக்கியை மாற்றித் தராத துறை இது.

பிப்ரவரி 4

மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தகர ஷெட்டில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். மதியத்துக்கு மேல் பாதி வார்த்தையிலேயே அவளுக்கு மூச்சு இழுக்கிறது.

"கைய வெச்சிட்டு வாங்கப்பா. ரெண்டு வருஷமா அதுக்குள்ள வேகுறோம். நாலு சுவர் இருந்தா போதும் எனக்கு."

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும். நான்கு கையெழுத்து ஆகிவிட்டது. பாக்கி என் கைநாட்டு. மார்ச் முடிவதற்குள் வைக்காவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடுமாம்.

பிப்ரவரி 10

காற்றைச் சோதித்து அறிக்கையே வைத்திருக்கிறார்களாம். 'திருப்திகரம்.' பக்கத்து ஊரில் இதே படத்தை வைத்துக் கட்டிய பள்ளியில் அளந்தார்களாம். அளந்தது சின்ன இன்ஜினியர் பெண். அவளிடம் கேட்டேன்: "அளக்கும்போது அறையில எத்தனை பிள்ளைங்கம்மா இருந்தாங்க?"

அவள் பெரிய இன்ஜினியரைப் பார்த்தாள். "யாரும் இல்லைங்க ஐயா. ஞாயித்துக்கிழமை. பிள்ளைங்க இருந்தா கருவியத் தட்டி விட்டுடுவாங்கன்னு..."

ஆளே இல்லாத அறையில் காற்று எப்படிக் கெடும்? யார் மூச்சு விட்டு? பல்லியா?

இவள் எழுதாமல் சிரிக்கிறாள். எழுது!

பிப்ரவரி 17

பிள்ளைகள் இருக்கும்போது அளக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தேன். பதில் வந்துவிட்டது: 'மாணவர்களைச் சோதனைக்கு உட்படுத்த இயலாது.'

வகுப்பில் உட்காருவது சோதனையாம். அப்படியென்றால் தினமும் ஒன்பதரையிலிருந்து நாலு மணிவரை நடப்பதற்கு என்ன பெயர்?

பிப்ரவரி 26

தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மணிக்காரரே, ஊரே உங்களத் திட்டுது. ஒரு ஜன்னலுக்காகப் பள்ளிக்கூடத்தையே கோட்டை விட்டுடுவீங்களா?"

"ஒரு ஜன்னல் இல்ல டீச்சர். இருபத்தி நாலு."

மகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் செய்வது வீம்பா? இவளைக் கேட்டேன். "பாதி" என்றாள். மீதி? "அதையும் நானே சொல்லணுமா?"

மார்ச் 6

சின்ன இன்ஜினியர் போன் செய்தாள். லீவு போட்டுவிட்டு, வேலை நாளில், தானாகவே அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

"ஐயா, வெயிலுக்குப் பயந்து பாதி ஜன்னலச் சாத்தியே வெச்சிருக்காங்க. இருபது நிமிஷத்துல கருவி சிவப்பு காட்டிடுச்சு. கடைசி பெஞ்சுல மூணு பேர் தூங்கிட்டாங்க. டீச்சருக்கே கொட்டாவி."

"உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதேம்மா?"

"வந்தா பாத்துக்கலாம்."

மார்ச் 9

பெரிய இன்ஜினியர்: "ஒரு கட்டடத்துக்கு ரெண்டு அறிக்கை இருக்க முடியாது."

"அப்ப ரெண்டாவத வெச்சுக்கிட்டு முதலாவதக் கிழிங்க."

"கிழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

அடப் பாவிங்களா — கட்ட அதிகாரம் இருக்கு, கிழிக்க இல்லையா? கத்திவிட்டேன். பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நானும் பியூனாக இருந்தவன்தான். கத்துகிறவர்களுக்கு இப்படித்தான் கொடுப்போம்.

மார்ச் 10

ஒன்றுமில்லை. எரிச்சல்.

மார்ச் 24

அந்தப் பெண் தன் அளவுகளை எழுத்தில் மேலிடத்துக்கே அனுப்பிவிட்டாள். எழுத்தில் வந்துவிட்டால் மேலிடத்துக்கு நடுக்கம். புது வரைபடம் வந்தது. ஒற்றை வரிசை, இரண்டு பக்கமும் ஜன்னல். படத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். சரியாக இருந்தது.

ஆனால் இப்போதைய விதிப்படி அறை பழையதைவிடப் பெரிது; ஒற்றை வரிசையில் அந்த இடத்துக்குள் ஆறு அறைதான் அடங்குமாம். மாடிக்கு அனுமதி இல்லை. இரண்டு வகுப்பு ஷெட்டிலேயே இருக்க வேண்டும்.

தலைமையாசிரியை சொன்னார்: "குழு உறுப்பினர் மகள் வகுப்புக்குப் புது அறை கொடுத்தா, அவளுக்காகத்தான் படத்தை மாத்தினாங்கன்னு பேச்சு வரும். மூணாம் வகுப்பு ஒண்ணு, நாலாம் வகுப்பு ஒண்ணு, அங்கேயே இருக்கட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள்.

வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் "சரி" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 25

முந்நூறு பிள்ளைகளுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு? இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11, வெள்ளி

திறப்பு விழா. முப்பத்தாறு ஜன்னலும் திறந்தே இருந்தன. மேடைத் துணி படபடத்ததில் ஒருவர் பேச்சும் காதில் விழவில்லை. பெரிய இன்ஜினியர் பேசியது மட்டும் விழுந்தது. எதிரெதிர் ஜன்னல் என்பது துறையின் தொலைநோக்காம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய.

மகள் தன் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நின்றாள். விழா முடிந்ததும் வரிசையாக ஷெட்டுக்குக் கூட்டிப் போனாள்.

டிசம்பர் 13, ஞாயிறு

காலையில் மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"தகரம் வெட்டற கத்தரி யார்கிட்டப்பா இருக்கும்?"

"எதுக்கு?"

"ஷெட்டுக்கு. நீங்கதான் பெரிய ஜன்னல்காரராச்சே."

"அனுமதி?" என்று வாயெடுத்தேன்.

"கேட்டா குழு போடுவாங்க. அதுல உங்களையும் போடுவாங்க."

இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்பது மாதத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

கூரை போடுகிறவரிடம் கத்தரி வாங்கிக்கொண்டு போனோம். மகள் தகரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன். கிழக்கே ஒன்று வெட்டி, பிள்ளைகள் கை கிழியாமல் விளிம்பை மடக்கித் தட்டினோம். எதிர்ப்பக்கத் துண்டு கீழே விழுந்ததும் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகள் வரைந்த படமெல்லாம் ஒன்றாக ஆடின. மகள் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டுங்கப்பா" என்றாள்.